காசின் பின்பக்கத்தில் பேசிய ரோம்

கி.பி. 41ஆம் ஆண்டு ஜனவரியில் ரோமானியப் பேரரசர் கலிகுலா தன் மெய்க்காவல் படையினராலேயே கொல்லப்பட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆட்சிமன்றமான செனட் ஒரு தீர்மானம் போட்டது: கலிகுலாவின் முகம் பொறித்த செப்புக்காசுகளையெல்லாம் திரட்டி உருக்கிவிட வேண்டும். இதைப் பதிவு செய்த வரலாற்றாசிரியர் டியோ காசியஸ், உருக்கிய உலோகம் என்ன ஆனது என்பதையும் சற்றே எரிச்சலோடு சொல்லி வைத்திருக்கிறார். புதிய பேரரசர் கிளாடியஸின் மனைவி மெசலினா, அந்தச் செம்பைக் கொண்டு ம்னெஸ்டர் என்ற நடிகனுக்குச் சிலைகள் வார்க்க வைத்தாளாம்.

உத்தரவு முழுதாக நிறைவேறவில்லை. கலிகுலாவின் காசுகள் இன்றும் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனால் அந்தத் தீர்மானம் செப்புக்காசைத்தான் குறி வைத்தது என்பது கவனிக்கத்தக்கது. தங்கக் காசு செல்வந்தர்களின் பெட்டியில் கிடந்தது. வெள்ளி டெனாரியஸ் படைவீரர்களின் சம்பளமாகவும் வணிகர்களின் கணக்காகவும் சுற்றியது. ரொட்டிக் கடையிலும் மதுக்கடையிலும் குளியல் மண்டபத்து வாசலிலும் கை மாறியது செம்பும் பித்தளையும்தான். ஒரு முகத்தை மக்கள் மறக்க வேண்டுமென்றால் முதலில் அங்கிருந்துதான் அதை அகற்ற வேண்டும்.

ரோமானியக் காசுகளைப் பற்றிப் பேசும்போது தங்கத்துக்கே நம் கண் போகிறது. ஆனால் அந்த அரசு தன் மக்களிடம் விரிவாகப் பேசியது செப்புக்காசில்தான் என்பது என் கருத்து. இதற்குக் காரணம் கலையோ கருத்தோ அல்ல, உலோகத்தின் விலை. மலிவான உலோகத்தில் பெரிய காசு அடிக்கலாம். பெரிய காசில் படம் போட இடம் இருக்கும். பின்னாளில் உலோகம் சுருங்கியபோது படமும் சுருங்கியது, சொல்ல வந்ததும் சுருங்கியது.

தலையா, கப்பலா

ரோமில் முதலில் காசே இல்லை. செம்புக் கட்டிகளை எடை போட்டுக் கொடுத்து வாங்கினார்கள். பிறகு காளை, யானை, பன்றி போன்ற உருவங்கள் கொண்ட கனமான வெண்கலப் பாளங்களை வார்த்தார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வட்டமான வார்ப்புக் காசுகள் வந்தன. இவற்றின் அடிப்படை அலகு ஆஸ். ஓர் ஆஸ் என்பது ஒரு ரோமானியப் பவுண்டு எடை, அதாவது ஏறக்குறைய 325 கிராம் என்பது தொடக்கக் கணக்கு. பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகும் பொருள் அல்ல அது.

கி.மு. 225 வாக்கில் இந்த ஆஸ் காசுக்கு ஒரு நிலையான வடிவம் அமைந்தது. முன்பக்கத்தில் இரண்டு திசையும் பார்க்கும் இரட்டை முகத் தெய்வம் ஜானஸ். பின்பக்கத்தில் போர்க்கப்பலின் முன்பகுதி. வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜோடு நடந்த முதல் போரில் ரோம் கடலில் பெற்ற வெற்றியை இந்தக் கப்பல் நினைவூட்டுவதாகக் கொள்வதுண்டு. அந்தப் போர் முடிந்தது கி.மு. 241இல். அதன் பிறகு குடியரசுக் காலம் நெடுக இந்தக் கப்பல் மாறவே இல்லை. காசை மேலே சுண்டிவிட்டு ரோமானியச் சிறுவர்கள் ‘தலைகளா, கப்பல்களா’ என்று கூவுவார்கள் என்று பிற்கால எழுத்தாளர் மக்ரோபியஸ் எழுதியிருக்கிறார். அவர் வாழ்ந்த காலத்தில் காசில் கப்பல் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. விளையாட்டில் மட்டும் அது மிதந்துகொண்டிருந்தது. நம் பிள்ளைகள் பூவே இல்லாத காசையும் சுண்டிவிட்டு ‘பூவா தலையா’ கேட்பது போலத்தான்.

ஆஸுக்குக் கீழே இருந்த சில்லறைகளின் ஏற்பாடும் சுவையானது. கப்பல் எல்லாவற்றிலும் பொது. முன்பக்கத்துத் தெய்வம் மட்டும் மாறும்: பாதி ஆஸில் சாட்டர்ன், மூன்றில் ஒரு பங்கில் மினர்வா, கால் பங்கில் ஹெர்குலிஸ், ஆறில் ஒன்றில் மெர்குரி. அதோடு மதிப்பைக் குறிக்கப் புள்ளிகளும் வைத்தார்கள். அவுன்சுக்கு ஒரு புள்ளி; பன்னிரண்டு அவுன்சு ஓர் ஆஸ் என்பதால், கால் ஆஸுக்கு மூன்று புள்ளி, ஆறில் ஒன்றுக்கு இரண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே மதிப்பை அறிந்துகொள்ளலாம்.

கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலோடு நடந்த போர் இந்தக் கனத்தைத் தின்றுவிட்டது. படைக்குச் செலவழிக்கப் பணம் போதாமல் ஆஸின் எடையைக் குறைத்துக்கொண்டே போனார்கள். கி.மு. 211 வாக்கில் அது ஒரு பவுண்டில் ஆறில் ஒரு பங்காகிவிட்டது. வார்ப்பை விட்டுவிட்டு அச்சில் வைத்து அடிக்கும் முறைக்கு முழுதாக மாறியதும், வெள்ளி டெனாரியஸ் பிறந்ததும் இந்த நெருக்கடியில்தான்.

மஞ்சளும் சிவப்பும்

கி.மு. முதல் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்களின்போது ரோம் நகரில் செப்புக்காசு அடிப்பது பல பத்தாண்டுகள் நின்றே போனது. பழைய காசுகள் தேய்ந்து, பாதியாக வெட்டப்பட்டுச் சில்லறையாகச் சுற்றின. முதல் பேரரசர் அகஸ்டஸ்தான் கி.மு. 23 வாக்கில் இதைச் சீர்செய்தார். அவர் வகுத்த அமைப்பு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் நின்றது. நான்கு ஆஸ் ஒரு செஸ்டர்டியஸ், நான்கு செஸ்டர்டியஸ் ஒரு டெனாரியஸ், இருபத்தைந்து டெனாரியஸ் ஒரு தங்கக் காசு. சாதாரணப் படைவீரர் ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 225 டெனாரியஸ்.

இந்தச் சில்லறைகளை எல்லாம் சேர்த்து வெண்கலக் காசு என்று சொல்வது வழக்கமே தவிர, உலோகம் ஒன்றல்ல. செஸ்டர்டியஸும் இரண்டு ஆஸ் மதிப்புள்ள டுபோண்டியஸும் பித்தளை: செம்போடு துத்தநாகம் கலந்தது, புதிதாக இருக்கும்போது பொன்போல மின்னும். ஆஸும் அதில் கால் பங்கான குவாட்ரன்ஸும் தூய செம்பு. டுபோண்டியஸும் ஆஸும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் ஒன்று மஞ்சள், இன்னொன்று சிவப்பு. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே நிறம் விலையைச் சொல்லிவிடும். பிறகு நீரோ காலத்திலிருந்து டுபோண்டியஸில் பேரரசரின் தலைக்குக் கதிர்கள் விரியும் முடியை வைத்தார்கள். அழுக்கேறிய காசிலும் வேறுபாடு தெரிய வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். இன்று மண்ணிலிருந்து எடுக்கப்படும் காசுகள் களிம்பேறிப் பச்சையாகவோ கருமையாகவோ இருக்கின்றன. அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் அவற்றைப் பார்க்கும் நமக்கு ரோமானியக் கடைக்காரர் ஒரு நொடியில் கண்டுகொண்ட அந்த நிற வேறுபாடு கிடைப்பதில்லை.

இந்தக் காசுகளின் வாங்கும் சக்தி என்ன? பொம்பெய் நகரில் ஒரு மதுக்கடைச் சுவரில் எழுதியிருந்த விலைப்பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஓர் ஆஸுக்குச் சாதாரண மது, இரண்டுக்கு நல்லது, நான்கு கொடுத்தால் புகழ்பெற்ற ஃபலேர்னியன். ஆண்கள் பொதுக் குளியல் மண்டபத்துக்குள் போக ஒரு குவாட்ரன்ஸ் போதும்.

செஸ்டர்டியஸ்தான் இந்தக் குடும்பத்தின் பெரியவர். சுமார் 25 கிராம் எடை, மூன்றரைச் சென்டிமீட்டர் வரை குறுக்களவு. தங்கக் காசின் பரப்பு இதில் பாதிகூட வராது. அச்சு வெட்டும் கலைஞருக்கு இத்தனை பெரிய பரப்பு வேறெந்தக் காசிலும் கிடைக்கவில்லை. வெறும் தலையையும் தெய்வத்தையும் தாண்டி, ஒரு காட்சியையே வடிக்க இதில் இடம் இருந்தது.

அச்சுகள் ஒவ்வொன்றும் கையால் வெட்டப்பட்டவை. முன்பக்க அச்சைப் பட்டறைக் கல்லில் பதித்து, அதன்மேல் சூடாக்கிய வில்லையை வைத்து, மேலே பின்பக்க அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஓர் அடி. அச்சு தேய்ந்தால் புதிதாக வெட்ட வேண்டும். அதனால் ஒரே காட்சியிலும் நுணுக்கங்கள் மாறும். நீரோ வெளியிட்ட ஓஸ்டியா துறைமுகக் காசில் கப்பல்களின் எண்ணிக்கை அச்சுக்கு அச்சு வேறுபடுகிறது.

காசில் வந்த அறிவிப்புகள்

அந்தத் துறைமுகக் காசையே எடுத்துக்கொள்வோம். வானத்திலிருந்து பார்ப்பது போன்ற காட்சி: வளைந்த தளங்கள், மேலே சிலை நிற்கும் கலங்கரை விளக்கம், நடுவில் பாய்மரக் கப்பல்களும் துடுப்புக் கப்பல்களும், கீழே சாய்ந்து படுத்திருக்கும் நீர்த் தெய்வம். ரோம் நகரின் வயிறு கடல்கடந்து வந்த தானியத்தை நம்பியிருந்தது. கப்பல் வராவிட்டால் நகரில் கலவரம். துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியவர் கிளாடியஸ், ஆனால் காசில் பெயர் நீரோவுடையது. மற்றவர் கட்டியதற்கு நாடா வெட்டும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

நீரோவின் இன்னொரு காசு ஜானஸ் கோயிலைக் காட்டுகிறது. ரோமின் போர்கள் ஓய்ந்து அமைதி நிலவும்போது மட்டுமே அந்தக் கோயிலின் கதவு சாத்தப்படும். நிலத்திலும் நீரிலும் ரோமானிய மக்களுக்கு அமைதி தேடித் தந்து ஜானஸ் கதவைச் சாத்தினார் என்று வட்டமாக எழுத்து ஓடுகிறது. கிழக்கே இருந்த பகைப் பேரரசான பார்த்தியாவோடு ஏற்பட்ட சமாதானத்தின் விளம்பரம் இது. காசில் கதவின் ஒவ்வொரு பலகையும் தெரிகிறது. பூட்டிய கதவை இத்தனை பெருமையாக வேறு எந்த அரசும் வரைந்ததாகத் தெரியவில்லை.

கலிகுலாவும் சளைத்தவர் அல்லர். தன் மூன்று சகோதரிகளான அக்ரிப்பினா, துருசில்லா, ஜூலியா ஆகியோரைப் பெயரோடு, மூன்று தேவதைகளின் கோலத்தில் ஒரு செஸ்டர்டியஸில் நிறுத்தினார். குடும்பப் பெருமை ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் வெளியிட்ட சின்னஞ்சிறு குவாட்ரன்ஸ். அதில் விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி ஒன்று, பின்பக்கத்தில் மூன்று எழுத்துகள். இருநூற்றில் ஒரு பங்கு விற்பனை வரி நீக்கப்பட்டது என்பதன் சுருக்கம் அது. வரிக்குறைப்பு அறிவிப்பை ஆகக் குறைந்த மதிப்புள்ள காசில் போட்டிருக்கிறார்கள். சந்தையில் அந்த வரியைச் சுமந்தவர்களின் கைக்குத்தான் அந்தக் காசு போகும்.

இந்த வகைக் காசுகளில் நெர்வாவை மிஞ்ச ஆளில்லை. கி.பி. 96 முதல் 98 வரை மட்டுமே ஆண்ட முதியவர். படை பலம் இல்லை, போர் வெற்றி இல்லை. காட்டுவதற்குச் சலுகைகள்தான் இருந்தன, அவற்றையே காட்டினார். அரசுத் தபால் வண்டிகளுக்கான செலவை இத்தாலிய ஊர்கள் சுமக்க வேண்டியிருந்தது. அதை அவர் நீக்கியபோது வந்த காசில் அவிழ்த்துவிடப்பட்ட இரண்டு கோவேறு கழுதைகள் மேய்கின்றன, பின்னால் ஏர்க்கால் மேலே தூக்கியபடி வண்டி நிற்கிறது. யூதர்கள்மேல் விதித்த தனி வரியை அவருக்கு முன் ஆண்ட டொமிஷியன் கடுமையாக வசூலித்தார். யார் யூதர் என்று கண்டறிய ஒரு தொண்ணூறு வயது முதியவரின் உடலைச் சபை நடுவே சோதித்ததைத் தான் நேரில் கண்டதாக வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். நெர்வாவின் காசு இந்தப் பொய்க் குற்றச்சாட்டுகள் ஒழிந்தன என்று பேரீச்சை மரத்தோடு அறிவிக்கிறது. வரி ஒழியவில்லை, வசூலிப்பில் நடந்த அட்டூழியம்தான் ஒழிந்தது. அரசு அறிவிப்புகளை வாசிக்கும்போது எந்தச் சொல் இல்லை என்று பார்க்கும் பழக்கம் இங்கேயும் உதவுகிறது.

கி.பி. 118இல் ஹேட்ரியன் கடன் தள்ளுபடி செய்தார். அரசுக்கு வர வேண்டிய பழைய பாக்கி 90 கோடி செஸ்டர்டியஸை ரத்து செய்து, பத்திரங்களைப் பொது இடத்தில் எரிக்கச் செய்தார். அந்த ஆண்டுக் காசில் ஓர் அரசு ஊழியர் குனிந்து பத்திரக் குவியலுக்குத் தீ வைக்கிறார். சில அச்சுகளில் எதிரே குடிமக்கள் கைகளை உயர்த்தி நிற்கிறார்கள். தள்ளுபடித் தொகையும் எழுத்தில் இருக்கிறது.

பேரீச்சை மரம்

நெர்வாவின் காசில் வந்த பேரீச்சை மரத்துக்கு ஒரு முன்கதை உண்டு. கி.பி. 70இல் எருசலேம் வீழ்ந்தது, கோயில் எரிந்தது. அடுத்த ஆண்டே வெஸ்பாசியன் வெளியிட்ட செஸ்டர்டியஸில் நடுவில் உயர்ந்த பேரீச்சை மரம், அதனடியில் தலையைக் கையில் தாங்கி அழும் பெண், மரத்தின் மறுபக்கம் கவசம் அணிந்த பேரரசரோ கைகட்டப்பட்ட கைதியோ. ‘யூடேயா காப்டா’, அதாவது பிடிபட்ட யூதேயா என்று எழுத்து. இந்த வெற்றியைத் தந்தையும் மகன் டைட்டஸும் பல ஆண்டுகள் காசுகளில் அடித்துக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வந்த அரச குடும்பத்துக்குப் பரம்பரைப் பெருமை இல்லை. இந்தப் போர்தான் அவர்களின் முதலீடு. கி.பி. 80இல் டைட்டஸ் திறந்துவைத்த கொலோசியத்தைக் காட்டும் காசும் இதே கதையின் தொடர்ச்சி. வளைவு வளைவாக மாடங்கள், உள்ளே புள்ளிகளாகக் கூட்டம். அந்தக் கட்டடம் போர்க் கொள்ளைப் பணத்தில் எழுந்தது என்று கல்வெட்டுச் சான்றைக் கொண்டு சொல்லப்படுகிறது.

காசில் வந்த மரத்துக்குக் காசிலேயே பதிலும் வந்தது. கி.பி. 132இல் பார் கோக்பா தலைமையில் யூதர்கள் மீண்டும் கிளர்ந்தார்கள். அவர்களுக்குச் சொந்த உலோகம் இல்லை. புழக்கத்தில் இருந்த ரோமானியக் காசுகளையே எடுத்து, பேரரசரின் முகத்தை அராவியும் தட்டியும் மழுக்கி, அதன்மேல் தங்கள் அச்சை அடித்தார்கள். அவர்களின் செப்புக்காசுகளில் ஒருபக்கம் திராட்சை இலை. மறுபக்கம் ஏழு கிளைகளோடு குலை தள்ளிய பேரீச்சை மரம். அடியில் அழும் பெண் இல்லை. சில காசுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், புதிய எழுத்துகளுக்குக் கீழே பழைய காசின் தடம் இன்னும் தெரியும்.

யார் பார்த்தார்கள்?

இந்தப் படங்களை மக்கள் உண்மையில் பார்த்தார்களா, அல்லது நாம் நம் சட்டைப் பையில் இருக்கும் காசைப் பார்க்காததுபோல் அவர்களும் பார்க்கவில்லையா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விவாதிக்கிறார்கள். எந்தப் படம் என்று முடிவு செய்தது பேரரசரா, அதிகாரிகளா, அச்சுக்கூடத்தாரா என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. செப்புக்காசுகளில் பெரிதாகப் பொறித்திருக்கும் எஸ்.சி. என்ற எழுத்துகளின் நிலையும் இதுதான். ‘செனட்டின் தீர்மானப்படி’ என்பது பொருள். ஆனால் அச்சடிக்கும் அதிகாரம் செனட்டிடம் இருந்ததையா, அகஸ்டஸுக்கு செனட் அளித்த சிறப்புகளையா, எதை அது குறித்தது என்பது தீராத விவாதமாகவே இருக்கிறது.

பின்பக்கத்தைப் பற்றிய ஐயம் நியாயமானது. தராசு ஏந்திய நேர்மை, சுக்கான் பிடித்த அதிர்ஷ்டம், பாம்புக்குப் பாலூற்றும் நலம், பூவை நீட்டும் நம்பிக்கை என்று ஒரே மாதிரியான தேவதைகள் ஆண்டுக்கு ஆண்டு வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களை எவரும் ஊன்றிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

முன்பக்கத்து முகம் வேறு சங்கதி. தத்துவஞானி எபிக்டெட்டஸ் மனிதரின் குணத்தை விளக்க ஒரு செஸ்டர்டியஸை உதாரணம் காட்டுகிறார்: இதில் யார் முத்திரை? ட்ராஜனுடையதா, கொண்டு வா. நீரோவுடையதா, தூக்கி எறி, செல்லாது. கேட்பவர்களுக்குப் புரியும் என்ற நம்பிக்கையில்தான் ஓர் ஆசிரியர் இப்படி உதாரணம் சொல்வார். நீரோவின் கடைசி மாதங்களில், இன்றைய பிரான்ஸ் பகுதியான காலியாவில் அவருடைய செப்புக்காசுகள்மேல் எஸ்.பி.க்யூ.ஆர். என்று முத்திரை குத்தினார்கள். ‘செனட்டும் ரோமானிய மக்களும்’ என்பதன் சுருக்கம் அது. பேரரசரின் கழுத்தில் போய்க் குத்திய கை, அந்த முகத்தைப் பார்த்துத்தான் குத்தியிருக்கும்.

பின்பக்கத்தையும் யாரோ குறிபார்த்து அனுப்பினார்கள் என்று எண்ண வைக்கும் ஒரு காசு உண்டு. அந்தோனினஸ் பயஸ் கி.பி. 154–155இல் வெளியிட்ட ஆஸ் காசில் பாறைமேல் ஒரு பெண் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள், அருகே கேடயம். எழுத்து ‘பிரிட்டானியா’. இந்தக் காசுகள் மிகப் பெரும்பாலும் பிரிட்டனிலேயே கிடைக்கின்றன. ஹேட்ரியன் சுவரை ஒட்டிய காரோபர்க் கோட்டைக்கு அருகே கொவென்டினா என்ற நீர்த் தேவதையின் கிணறு ஒன்று உண்டு. 1876இல் அதைத் தோண்டியபோது வேண்டுதலுக்காகப் போட்ட 13,000க்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்தன. அவற்றில் இந்தத் தலை சாய்ந்த பிரிட்டானியா முந்நூறுக்கும் மேல். சில்லறைத் தட்டுப்பாட்டைத் தீர்க்க ஒரு சரக்கு போனது, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அடக்கப்பட்ட மாகாணத்தின் படத்தை அதே மாகாணத்துக்கே அனுப்பியதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. பின்னாளில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1672இல் தன் செப்புக்காசில் பிரிட்டானியாவைக் கொண்டுவந்தபோது முன்மாதிரியாக இருந்தவை இந்த ரோமானியக் காசுகளே. தோற்றவளாக வடிக்கப்பட்ட பெண் நாட்டின் பெருமைச் சின்னமானாள்.

சுருங்கிய வட்டம்

மூன்றாம் நூற்றாண்டில் எல்லாம் குலைந்தது. எல்லையில் போர், அடுத்தடுத்து ஆட்சிக் கவிழ்ப்பு, சம்பளம் கேட்கும் படை. கி.பி. 215இல் கராகல்லா புதிய வெள்ளிக்காசு ஒன்றைக் கொண்டுவந்தார், சுமார் பாதி வெள்ளி. ஐம்பத்தைந்து ஆண்டுகளில் அதில் வெள்ளி நூற்றுக்கு இரண்டு மூன்று பங்காகிவிட்டது. வெள்ளிப் பூச்சுக்குள் ஒரு செப்புக்காசு. இந்தப் போலி வெள்ளிக்கு முன்னால், 25 கிராம் பித்தளை கொண்ட செஸ்டர்டியஸ் அடிக்கக் கட்டுப்படியாகவில்லை. கி.பி. 260களில் அது ஏறக்குறைய மறைந்தது. காலியாவில் தனியரசு நடத்திய போஸ்டுமஸ் பழைய தேய்ந்த செஸ்டர்டியஸ்களின்மேலேயே தன் அச்சை அடித்து இரட்டை மதிப்பு சொன்னார்.

இந்தக் காலத்துக் காசுகள் மலைமலையாகக் கிடைக்கின்றன. 2010இல் இங்கிலாந்தின் ஃப்ரோம் அருகே ஒரே பானையில் 52,503 காசுகள், சுமார் 160 கிலோ. பின்பக்கத் தேவதைகள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் அவசரக் கோடுகளாக.

டயோக்ளீஷியன் கி.பி. 294 வாக்கில் பெரிய செப்புக்காசை மீட்டார், சுமார் 10 கிராம். ஆனால் படத்தில் ஒரு மாற்றம். லண்டன் முதல் அலெக்சாந்திரியா வரை எல்லா அச்சுக்கூடங்களிலும் பெரும்பாலும் ஒரே உருவம்: தட்டும் வளமைக் கொம்பும் ஏந்திய ‘ரோமானிய மக்களின் காவல் தெய்வம்’. துறைமுகமும் இல்லை, கோவேறு கழுதையும் இல்லை. எந்த ஊரில் அடித்தது என்ற சுருக்கக் குறி மட்டும் கீழே வேறுபடும். பேரரசு ஒன்று, முகங்களும் ஒன்று போல; பேரரசை நால்வர் பங்கிட்டு ஆண்ட அந்த ஆட்சியில் யார் எவர் என்று பெயரைப் படித்தால்தான் தெரியும்.

அந்தப் பத்து கிராமும் நிலைக்கவில்லை. கான்ஸ்டன்டைன் காலத்தில் அது மூன்று கிராமுக்கும் கீழே போனது. கி.பி. 312இல் அவர் கிறித்தவக் கடவுளின் துணையால் வென்றதாகச் சொல்லப்பட்ட பிறகும், ஐந்தாறு ஆண்டுகள் அவருடைய செப்புக்காசுகளில் ‘வெல்லமுடியாத சூரியன், என் துணைவன்’ என்று சூரியக் கடவுளே நின்றார். அச்சுக்கூடத்துப் பழக்கமா, அரசியல் எச்சரிக்கையா, இரண்டும் இருக்கலாம். கி.பி. 330இல் கான்ஸ்டான்டினோபிள் திறப்பு விழாவையொட்டி இரண்டு வகைக் காசுகள் பெருமளவில் வந்தன. ரோமுக்கு இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் ஓநாய், புதிய நகருக்குக் கப்பல் முனையில் நிற்கும் வெற்றித் தேவதை. ஆஸ் காசில் முதலில் தோன்றி ஐந்தரை நூற்றாண்டு கழித்து அந்தக் கப்பல் முனை மறுபடி வந்தது இன்னொரு தலைநகரத்தின் பெயரில்.

உலோகம் படத்தை ஆட்டிவைத்ததற்கு இதே ஆண்டுகளில் தெளிவான சான்று உண்டு. ‘படையின் புகழ்’ என்ற காசில் இரண்டு வீரர்கள், நடுவில் இரண்டு கொடிக்கம்பங்கள். கி.பி. 335–336 வாக்கில் காசின் எடையை மேலும் குறைத்தார்கள். வீரர்கள் இருவரும் அப்படியே நின்றார்கள், கொடிக்கம்பம் ஒன்றானது. இடம் இல்லை.

அடுத்து கி.பி. 348இல், ரோம் நகருக்கு 1,100 ஆண்டு நிறைவதை ஒட்டி, ‘நற்காலம் மீண்டது’ என்ற வாசகத்தோடு ஒரு தொகுதி வந்தது. ஃபீனிக்ஸ் பறவை, கப்பலில் பேரரசர், குடிசையிலிருந்து அயலானைக் கைபிடித்து இழுத்துவரும் வீரன் என்று பல காட்சிகள். சில ஆண்டுகளில் இவற்றில் ஒன்றே மிஞ்சியது: குதிரையிலிருந்து விழுந்த எதிரியைக் குத்தும் வீரன். கி.பி. 378இல் அட்ரியானோபிளில் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரிடம் ரோமானியப் படை நொறுங்கிப் பேரரசர் வாலென்ஸ் மாண்டார். அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின்னும் ‘அரசின் நலம்’ என்ற எழுத்தோடு வெற்றித் தேவதை கைதியை இழுத்துப் போய்க்கொண்டிருந்தாள், 13 மில்லிமீட்டர் அகலமும் ஒரு கிராம் சொச்சம் எடையும் கொண்ட காசில்.

தமிழகத்தோடு ரோமானியச் செப்புக்காசுக்கு உறவு ஏற்பட்டது இந்தக் குட்டிக் காசுகளின் காலத்தில்தான். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தில் மிளகுக்கு விலையாக இங்கே வந்தவை வெள்ளியும் தங்கமும். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வந்தவை செம்பு. கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் இவை நிறையக் கிடைத்திருக்கின்றன. தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைத் திரட்டி ஆராய்ந்தார். இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருப்பதோடு, உள்ளூரிலேயே இவற்றைப் பார்த்துச் செய்த காசுகளும் கிடைக்கின்றன. அவற்றில் வீரன் நிற்கிறான், சிலுவையும் இருக்கிறது. லத்தீன் எழுத்துகள் இருந்த இடத்தில் வெறும் கீற்றுகள். வாங்கியவருக்கும் விற்றவருக்கும் எழுத்து தேவைப்படவில்லை. காசு என்று தெரிந்தால் போதும், சில்லறையாக ஓடியது.

ஐந்தாம் நூற்றாண்டு முடியும்போது பேரரசின் கிழக்குப் பகுதியில் இந்தக் குட்டிக் காசு விரல் நகத்தளவுக்கு வந்துவிட்டது. பேரரசரின் பெயரைக்கூட எழுத இடமின்றி, எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று பின்னிய முத்திரையாகப் போட்டார்கள். கி.பி. 498இல் பேரரசர் அனஸ்டேசியஸ் மறுபடி பெரிய செப்புக்காசைக் கொண்டுவந்தார். பின்பக்கத்தில் கோயில், துறைமுகம், தேவதை எதையும் வரைய அவருடைய ஆட்களுக்கு இப்போது இடம் இருந்தது. அவர்கள் அந்த இடம் முழுவதையும் எம் என்ற ஒரே எழுத்தால் நிரப்பினார்கள். கிரேக்க எண் முறையில் அதன் மதிப்பு நாற்பது. நாற்பது குட்டிக் காசுக்கு இது ஒன்று என்பதைத்தான் அன்றைய சந்தை அரசிடமிருந்து தெரிந்துகொள்ள விரும்பியது.